வியாபாரப் பதிவேடுகளைத் தேடிப்பார்த்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
அலகு: வியாபார ஒழுங்கமைப்புகள்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• வெவ்வேறு வியாபார ஒழுங்கமைப்புகள் எங்கே, எச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன எனக் கூறுவீர்கள்.
• ஒரு கம்பனியின் பெயரையும் பதிவிலக்கத்தையும் கொண்டு அதன் வகையை இனங்காண்பீர்கள்.
• பதிவேடொன்றைத் தேடிப்பார்க்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.
• வியாபாரப் பதிவுக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளியாகும் வரையுள்ள மாதங்களில் மாணவர்கள் பலர் கணினி, ஆங்கிலம், தாதியர் உதவி, ஹோட்டல் முகாமைத்துவம் போன்ற பயிற்சிநெறிகளில் சேருகின்றனர். அக்காலத்தில் வீட்டுக்கு வரும் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றில் "அரசாங்கப் பதிவு பெற்ற நிறுவனம்" என்னும் தொடர் பெரிய எழுத்தில் காணப்படும். பெற்றோரும் அதனை நம்பிக் கட்டணத்தைச் செலுத்துவர்.

இத்தொடர் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் அது முழுமையான தகவல் அன்று. எந்தப் பதிவு? எந்த அலுவலகத்தில்? எதற்கான பதிவு? என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தாலன்றி அத்தொடரால் பயனில்லை. அவ்விடைகளை நாமே தேடிப் பெறும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

2. பதிவேடு ஏன் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றது?

தனி வியாபாரத்தில் உரிமையாளரும் வியாபாரமும் சட்டத்தின் முன் ஒன்றே. வியாபாரக் கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். இது வரையறையற்ற பொறுப்பு எனப்படும். எனவே கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பதை அதனோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

கம்பனியின் நிலை வேறு. கூட்டிணைக்கப்பட்ட கம்பனி அதன் பங்குதாரரிலிருந்து வேறான ஒரு சட்ட ஆள் ஆகும். அது தன் பெயரில் சொத்து வைத்திருக்கும், வழக்குத் தொடரும், அதன்மீதும் வழக்குத் தொடரலாம். வரையறுத்த கம்பனி நட்டமடைந்தால் பங்குதாரர் தாம் பெற்ற பங்குகளுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு மேல் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். இந்தச் சலுகைக்கு ஈடாக, கம்பனி தன்னைப் பற்றிய முக்கிய விவரங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது. ஆகவே கம்பனிப் பதிவேட்டைப் பார்ப்பது பிறர் விடயத்தில் தலையிடுவதன்று. அது நமக்குச் சட்டம் தந்துள்ள உரிமையாகும்.

3. எந்த வியாபாரம் எங்கே பதிவு செய்யப்படுகின்றது?

இலங்கையில் எல்லா வியாபாரங்களுக்கும் பொதுவான ஒரே பதிவேடு இல்லை. ஒழுங்கமைப்பின் வகைக்கேற்பப் பதிவு செய்யும் இடம் வேறுபடும்.

(அ) தனி வியாபாரம், பங்குடைமை – 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டமும் அவ்விடயம் பற்றிய மாகாண நியதிச் சட்டங்களும். பொதுமக்கள் இதற்காகப் பிரதேச செயலகத்தை நாடுவர்.
(ஆ) கம்பனி – 2007 ஆம் ஆண்டின் 07 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். கம்பனிகள் பதிவாளர் திணைக்களம், கொழும்பு 10.
(இ) கூட்டுறவுச் சங்கம் – 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் மாகாண நியதிச் சட்டங்களும். கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம்.
(ஈ) அரச கூட்டுத்தாபனம் – அதற்கெனப் பாராளுமன்றம் இயற்றும் தனிச் சட்டம். உதாரணம்: 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம்.

நினைவிற் கொள்க: ஒரு கடையின் பெயர் கம்பனிப் பதிவேட்டில் இல்லை என்பதனால் அக்கடை பதிவற்றது என முடிவு செய்தல் தவறு. அது தனி வியாபாரமாகவோ பங்குடைமையாகவோ பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கலாம்.

4. வியாபாரப் பெயர்ப் பதிவு

ஒருவர் தமது சொந்தப் பெயரில் மட்டும் வியாபாரம் நடத்தினால் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு பெயரைப் பயன்படுத்தினால் பதிவு செய்தல் வேண்டும். பங்குடைமைக்கும் இவ்வாறே, பங்காளர் எல்லோரினதும் பெயர்கள் அல்லாத வேறொரு பெயரில் நடத்தினால் பதிவு அவசியம்.

இப்பதிவில் அடங்கும் பிரதான விவரங்கள்:
• வியாபாரத்தின் பெயர்
• வியாபாரத்தின் தன்மை
• பிரதான வியாபார இடம்
• ஆரம்பித்த திகதி
• உரிமையாளரின் அல்லது பங்காளரின் முழுப்பெயர், வதிவிடம், நாட்டினம்

பதிவுச் சான்றிதழ் வியாபார இடத்தில் பிறர் பார்க்கக்கூடியவாறு வைக்கப்படல் வேண்டும். ஆகவே முதலாவது தேடல் கணினியில் தொடங்குவதில்லை. கடையின் சுவரில் தொடங்குகின்றது. சான்றிதழிலுள்ள பெயர், முகவரி, பதிவிலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், ஐயம் ஏற்படும்போது பதிவு செய்த அலுவலகத்தில் உரிய கட்டணத்தைச் செலுத்திச் சரிபார்க்கலாம்.

இப்பதிவினால் வியாபாரத்துக்குத் தனியான சட்ட ஆளுமை கிடைப்பதில்லை. பெயரின்மீது முழு உரிமையும் கிடைப்பதில்லை. வியாபாரக் குறிக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ்த் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வேறாக விண்ணப்பித்தல் வேண்டும்.

5. கம்பனிப் பதிவேடு

5.1 பதிவேட்டுக்குத் தகவல் வரும் வழி

கம்பனியை ஆரம்பிப்போர் கூட்டிணைப்பு விண்ணப்பம் (படிவம் 1), பணிப்பாளரின் சம்மதம் (படிவம் 18), செயலாளரின் சம்மதம் (படிவம் 19), அமைப்பு விதிகள் ஆகியவற்றைச் சமர்ப்பிப்பர். பதிவாளர் ஏற்றுக்கொண்டதும் கூட்டிணைப்புச் சான்றிதழும் கம்பனி இலக்கமும் வழங்கப்படும்.

பதிவு அத்துடன் முடிவதில்லை. பணிப்பாளர் மாறினால் படிவம் 20, பதிவு செய்த அலுவலகம் மாறினால் படிவம் 13, ஆண்டுதோறும் வருடாந்த விவரத்திரட்டு (படிவம் 15) என்பன அனுப்பப்படல் வேண்டும். எனவே பதிவேடு என்பது கம்பனி தன்னைப் பற்றித் தானே கூறியவற்றின் தொகுப்பாகும். கம்பனி புதிய விவரத்தை அனுப்பத் தவறினால் பதிவேட்டிலும் பழைய விவரமே இருக்கும். பதிவேட்டை வாசிக்கும்போது "இறுதியாக எப்போது அறிவிக்கப்பட்டது?" எனத் திகதியைப் பார்ப்பது இதனாலேயே முக்கியமாகின்றது.

5.2 பெயரின் இறுதியைக் கவனித்தல்

• "(பிறைவேற்) லிமிட்டெட்" – தனியார் கம்பனி. ஊழியரான பங்குதாரர் தவிர 50 பங்குதாரருக்கு மேற்படலாகாது. பங்குகளைப் பொதுமக்களுக்கு வழங்க முடியாது.
• "லிமிட்டெட்" – பங்குச் சந்தையில் பட்டியற்படுத்தப்படாத பொதுக் கம்பனி.
• "பி.எல்.சி." – பங்குச் சந்தையில் பட்டியற்படுத்தப்பட்ட பொதுக் கம்பனி.

பெயரில் "என்டர்பிரைசஸ்", "ட்ரேடர்ஸ்", "குரூப்", "இன்டர்நெஷனல்" போன்ற சொற்கள் இருப்பதனால் மட்டும் அது கம்பனி ஆகிவிடாது. மேற்கூறிய இறுதிச் சொற்கள் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும்.

5.3 பதிவிலக்கத்தைக் கவனித்தல்

பதிவிலக்கத்தின் முன்னுள்ள ஆங்கில எழுத்துகள் வகையைக் காட்டும். தனியார் கம்பனிக்கு "பி.வி.", பட்டியற்படுத்தப்படாத பொதுக் கம்பனிக்கு "பி.பி.", பட்டியற்படுத்தப்பட்ட கம்பனிக்கு "பி.கியூ." என இடப்படும். உதாரணமாக, ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் பி.எல்.சி.யின் இலக்கம் பி.கியூ. 14 ஆகும். பின்னர் வகை மாறிய கம்பனிகளின் இலக்கத்தில் இரு குறிகள் சேர்ந்து வருவதும் உண்டு.

5.4 பெயரா, இலக்கமா?

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் முதன்மைச் சாவி பற்றிக் கற்றிருப்பீர்கள். ஓர் அட்டவணையில் ஒவ்வொரு பதிவையும் தனித்து இனங்காட்டும் புலமே முதன்மைச் சாவியாகும். கம்பனித் தரவுத்தளத்தில் அப்பணியைச் செய்வதற்கு இலக்கமே பொருத்தமானது. காரணம், பெயர் மாறக்கூடியது.

இதற்கு நாம் அனைவரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. எம்.ரி.என். நெட்வேர்க்ஸ் (பிறைவேற்) லிமிட்டெட் என்னும் தனியார் கம்பனி 2005 இல் பொதுக் கம்பனியாகி டயலொக் ரெலிகொம் என்னும் பெயரைப் பெற்றது. 2010 இல் அது டயலொக் அக்சியாட்டா பி.எல்.சி. ஆயிற்று. பெயர்கள் மூன்றும் ஒரே கம்பனியையே குறிக்கின்றன. முதற் பெயரில் செய்துகொண்ட ஒப்பந்தம் பெயர் மாறியதால் அற்றுப்போவதில்லை. பழைய கடிதத்தில் உள்ள பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் "அப்படி ஒரு கம்பனி இல்லை" என்று தவறாக எண்ணக்கூடும்.

6. தேடிப்பார்க்கும் படிமுறை

கம்பனிகள் பதிவாளர் திணைக்களம் 2018 ஆம் ஆண்டு முதல் இணையவழிப் பதிவு முறையை நடைமுறைப்படுத்தி வருகின்றது. அதன் இணையத்தளத்தில் பெயரைத் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆவணங்களின் பிரதிகளைப் பெறுவதற்குக் கட்டணம் செலுத்தல் வேண்டும்.

படி 1: பற்றுச்சீட்டு, கடிதத் தலைப்பு, ஒப்பந்தம் ஆகியவற்றிலிருந்து முழுப்பெயர், பதிவிலக்கம், முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. விளம்பரத்திலுள்ள பெயர் வெறும் விற்பனைப் பெயராக இருக்கலாம்.

படி 2: பெயரின் இறுதியைக் கொண்டு வகையைத் தீர்மானிக்க. கம்பனியாயின் கம்பனிப் பதிவேடு. அன்றேல் வியாபாரப் பெயர்ப் பதிவேடு.

படி 3: பெயரின் தனித்தன்மையான ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுக. முழுப்பெயரையும் இட்டால் ஓர் எழுத்துப் பிழையினாலும் விடை கிடைக்காமற் போகலாம்.

படி 4: விடை கிடைக்காவிடின் எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடுக. ஆங்கிலத்தில் எழுதப்படும் தமிழ்ப் பெயர்களில் இது மிக அவசியம். "லக்சுமி" என்பதை ஒருவர் கே, எஸ், எச் என்னும் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார். இன்னொருவர் எக்ஸ் என்னும் ஒரே எழுத்தை இடுவார். "சிறீ" என்பதிலும் "ஆனந்த" என்பதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு.

படி 5: ஒத்த பெயர்கள் பல கிடைத்தால் பதிவிலக்கத்தை ஒப்பிடுக. பெயரில் ஒரு சொல் வேறுபட்டாலும் அது வேறு கம்பனியாக இருக்கலாம்.

படி 6: கூடிய தொகை சம்பந்தப்பட்டிருப்பின் ஆவணங்களைப் பெற்றுப் பின்வருவனவற்றைப் பார்க்க: கூட்டிணைக்கப்பட்ட திகதி, பதிவு செய்த அலுவலகம், தற்போதைய பணிப்பாளர்கள், இறுதி வருடாந்த விவரத்திரட்டு, கம்பனிச் சொத்துகள் மீதுள்ள ஈடுகள், பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளதா என்பது.

படி 7: தேடிய திகதியையும் கிடைத்த விவரத்தையும் எழுதி வைக்க.

7. பதிவு வேறு, அனுமதி வேறு

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். கூட்டிணைப்புச் சான்றிதழ் "இக்கம்பனி சட்டப்படி உருவாக்கப்பட்டுள்ளது" என்பதை மட்டுமே உறுதிப்படுத்துகின்றது. அது இலாபம் உழைக்கின்றது என்றோ, நேர்மையானது என்றோ, விரும்பிய தொழிலையெல்லாம் செய்யலாம் என்றோ பதிவாளர் கூறுவதில்லை. சில தொழில்களுக்கு வேறான அனுமதி அல்லது பதிவு கட்டாயமாகும்.

• பொதுமக்களிடம் வைப்புப் பணம் பெறுதல் – இலங்கை மத்திய வங்கி. வங்கிகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம். நிதிக் கம்பனிகளுக்கு 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழிற் சட்டம்.
• வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்த்தல் – இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் (1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம்).
• தொழிற்பயிற்சி நிறுவனம் நடத்துதல் – மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு (1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம்).

இவை மூன்றும் தாம் அனுமதித்த அல்லது பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியலைப் பொதுமக்களுக்கு வெளியிடுகின்றன.

கோல்டன் கீ கடனட்டைக் கம்பனியின் வீழ்ச்சி இவ்வேறுபாட்டை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. அது மறைவாக இயங்கிய ஒன்றன்று. பெயர்பெற்ற குழுமமொன்றைச் சேர்ந்த கம்பனி. ஆனால் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கான மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. உயர்ந்த வட்டியை நம்பி ஆயிரக்கணக்கானோர் பணம் வைப்பிட்டிருந்தனர். 2008 டிசெம்பரில் அது வீழ்ச்சியடைந்தபோது ஓய்வூதியப் பணத்தை வைப்பிட்டிருந்தோரும் பாதிக்கப்பட்டனர். "இது கம்பனியா?" என்னும் வினாவுக்கு விடை "ஆம்" ஆகவே இருந்தது. "வைப்புப் பெற அனுமதி உண்டா?" என்னும் இரண்டாவது வினாவே கேட்கப்பட வேண்டியதாயிருந்தது.

8. பிற நாடுகளில்

வெளிநாட்டு நிறுவனத்தோடு தொடர்புகொள்ளும்போதும் "எங்கே பதிவு?" என்பதே முதல் வினா. ஐக்கிய அமெரிக்காவில் கம்பனிகளுக்குப் பொதுவான ஒரு மத்திய பதிவேடு இல்லை. 50 மாநிலங்களும் தத்தம் பதிவேடுகளைப் பேணுகின்றன. பெரும்பாலும் மாநிலச் செயலாளரின் அலுவலகம் இதற்குப் பொறுப்பாகும். ஒரு மாநிலத்தில் உருவான கம்பனி இன்னொரு மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்யும்போது, அங்கே அது "வெளிக் கம்பனி" எனவே கொள்ளப்படும். டெலவெயர் மாநிலத்தின் இலவசத் தேடலில் பெயர், கோப்பிலக்கம், உருவான திகதி, பதிவு செய்த முகவர் ஆகிய விவரங்கள் கிடைக்கும். பணிப்பாளரின் பெயர்கள் கிடைப்பதில்லை. ஐக்கிய இராச்சியத்தின் கம்பனிப் பதிவகமோ 2015 முதல் தனது இணையத் தரவுகளை இலவசமாக வழங்குகின்றது. எனவே ஒரு பதிவேட்டில் ஒரு விவரம் காணப்படாததை வைத்து அது மறைக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாகாது.

9. பயிற்சி

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பெயரின் இறுதியில் "பி.எல்.சி." எனக் காணப்படும் நிறுவனம்
(1) பங்குடைமை (2) தனியார் கம்பனி (3) பட்டியற்படுத்தப்பட்ட பொதுக் கம்பனி (4) அரச கூட்டுத்தாபனம்

2. தனி வியாபாரமொன்றின் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதனால்
(1) வரையறுத்த பொறுப்புக் கிடைக்கும் (2) தனியான சட்ட ஆளுமை கிடைக்கும் (3) வியாபாரக் குறி பாதுகாக்கப்படும் (4) உரிமையாளர் யார் என்பது பதிவாகும்

3. கம்பனித் தரவுத்தளத்தில் முதன்மைச் சாவியாக அமைவதற்கு மிகப் பொருத்தமான புலம்
(1) கம்பனியின் பெயர் (2) கம்பனி இலக்கம் (3) பணிப்பாளரின் பெயர் (4) முகவரி

4. பணிப்பாளர் மாற்றத்தைக் கம்பனிகள் பதிவாளருக்கு அறிவிக்கும் படிவம்
(1) படிவம் 1 (2) படிவம் 13 (3) படிவம் 15 (4) படிவம் 20

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை வினா

மாணவி ஒருவர் ஆறு மாதப் பயிற்சிநெறியொன்றில் சேர விரும்புகின்றார். நிறுவனம் முழுக் கட்டணத்தையும் முற்பணமாகக் கேட்கின்றது. அது தனது கூட்டிணைப்புச் சான்றிதழைக் காட்டி, "நாம் அரசாங்கப் பதிவு பெற்றவர்கள்" எனக் கூறுகின்றது. பற்றுச்சீட்டில் சான்றிதழிலுள்ள கம்பனியின் பெயர் இல்லை. வேறொரு பெயர் அச்சிடப்பட்டுள்ளது.

(i) கூட்டிணைப்புச் சான்றிதழ் எதனை உறுதிப்படுத்துகின்றது? (2 புள்ளிகள்)
(ii) இம்மாணவி மேலும் சரிபார்க்க வேண்டிய பதிவு எது? (2 புள்ளிகள்)
(iii) பற்றுச்சீட்டிலுள்ள பெயர் வேறாக இருப்பதனால் ஏற்படக்கூடிய பிரச்சினையை விளக்குக. (3 புள்ளிகள்)
(iv) பணம் செலுத்துமுன் அவர் செய்யவேண்டிய மூன்று காரியங்களை எழுதுக. (3 புள்ளிகள்)

விடைகள்

பகுதி அ: 1 – (3), 2 – (4), 3 – (2), 4 – (4)

பகுதி ஆ:
(i) கம்பனிகள் சட்டத்தின் கீழ் அக்கம்பனி ஒரு சட்ட ஆளாக உருவாக்கப்பட்டுள்ளது என்பதை மட்டும். பயிற்சியின் தரத்தை உறுதிப்படுத்தாது.
(ii) மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ளதா, அப்பதிவு தற்போது செல்லுபடியாகின்றதா என்பது.
(iii) கம்பனி தனியான சட்ட ஆள். பற்றுச்சீட்டு வேறு பெயரில் இருப்பின் பணத்தைப் பெற்றது அக்கம்பனி என நிரூபித்தல் கடினமாகும். பயிற்சி இடைநடுவில் நிறுத்தப்பட்டால் யாரிடமிருந்து பணத்தை மீளப் பெறுவது என்பதில் சிக்கல் ஏற்படும்.
(iv) கம்பனி இலக்கத்தைக் கொண்டு பதிவேட்டில் தேடிப்பார்த்தல். ஆணைக்குழுவின் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்தல். கம்பனியின் முழுப்பெயரும் இலக்கமும் கொண்ட பற்றுச்சீட்டைக் கோருதல். (தவணை முறையில் கட்டணம் செலுத்த அனுமதி கேட்டல் என எழுதினாலும் புள்ளி வழங்கலாம்.)

பரீட்சைக் குறிப்பு: "பதிவு", "அனுமதி" என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் எழுதுவதனால் மாணவர் புள்ளிகளை இழக்க நேரிடும். நிறுவனம் உருவானதைக் காட்டுவது கூட்டிணைப்பு. குறித்த தொழிலைச் செய்ய இடமளிப்பது அனுமதி. விடை எழுதும்போது சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் சேர்த்து எழுதப் பழகுங்கள். வீட்டில் யாரேனும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் செலுத்தப் போகும்போது, மேலேயுள்ள ஏழு படிகளையும் அவர்களுக்காக ஒருமுறை செய்து பாருங்கள். பாடமும் மனத்திற் பதியும்.